பாண்டா நிற டிரூனோ: 86 என்று சொல்லப்படுவது 86-தானா?

கேள்வி: நான் ஜப்பானில் நகோயாவில் பணிபுரிகிறேன். வெள்ளையும் கறுப்புமாக வண்ணம் பூசிய டொயோட்டா ஸ்பிரின்டர் டிரூனோ ஜிடி-ஏபெக்ஸ், 1985-ஆம் ஆண்டு வண்டி, ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பானட்டைத் திறந்தால் இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) எஞ்சின் இருக்கிறது. ஓட்டிப் பார்த்ததில் குறை தெரியவில்லை. ஆனால் வாகனச் சான்றிதழில் மாடல் என்னும் இடத்தில் 'ஈ-ஏஇ85' என்றும் அதற்குப் பின் ஒரு காஞ்சி எழுத்தும் (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன வழி எழுத்து) உள்ளன. 85 என்பது தயாரிப்பு ஆண்டு என்றும், அந்த எழுத்து சக்கரம் மாற்றியதற்கானது என்றும் விற்பவர் சொல்கிறார். அசல் 86-க்குரிய, அதாவது ஏஇ86 மாடலுக்குரிய, விலையைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் சந்தேகத்துக்கான விடை அந்தச் சான்றிதழிலேயே இருக்கிறது. 85 என்பது ஆண்டு அன்று. ஏஇ85-இல் ஏ என்பது எஞ்சின் வரிசையையும், இ என்பது கரோலா குடும்பத்தையும், 8 அதன் தலைமுறையையும், கடைசி இலக்கம் அந்தத் தலைமுறைக்குள் அடங்கும் வகையையும் குறிக்கும். 1983 முதல் 1987 வரை ஏஇ85, ஏஇ86 ஆகிய இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரே உடலோடுதான் விற்பனையாயின. 85-க்கு 1,452 சிசி ஒற்றை கேம்ஷாஃப்ட் எஞ்சின். அன்றைய ஜப்பானிய அளவீட்டில் 83 குதிரைத்திறன். 86-க்கு 4ஏ-ஜிஇ எனப்படும் 1,587 சிசி, 16 வால்வு எஞ்சின், 130 குதிரைத்திறன். சுச்சியா கெய்ச்சி போன்ற ஓட்டுநர்கள் 86-ஐச் சறுக்கவிட்டு ஓட்டிப் பெயர் வாங்கிக் கொடுத்த பிறகு, 85-இல் 86-இன் எஞ்சினை ஏற்றுவது பரவலான வேலையாகிவிட்டது.

பின்னால் இருக்கும் அந்த எழுத்து, 'கை' என்று வாசிக்கப்படும் எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். மாற்றியமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். வெறும் சக்கரம் மாற்றியதற்கு அதைப் போடமாட்டார்கள். கட்டமைப்பு மாற்றம் பரிசோதனையில் தேறி, முறையாகப் பதிவாகியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. ஆகவே அந்த எழுத்து வண்டிக்கு ஒரு களங்கம் அன்று. அசல் 86-களிலும் அது காணப்படுவதுண்டு. அதே தாளில் எஞ்சின் வகையும் கொள்ளளவும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். 1.58 லிட்டர் என்று இருந்தால், மாற்றத்தைச் செய்தவர் ஒளிக்காமல் பதிவு செய்திருக்கிறார். 1,500 சிசி-யைத் தாண்டினால் ஆண்டு வரி கூடும் என்று தெரிந்தே செய்திருக்கிறார். இப்போது விற்பவர்தான் அதை மறைக்கப் பார்க்கிறார். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

தாளோடு நில்லாமல் வண்டியையும் பாருங்கள். பானட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான இரும்புத் தடுப்பில் டார்ச் அடித்தால் சேசிஸ் எண் தெரியும். ஜப்பானிய உள்நாட்டு வண்டி என்பதால் 17 இலக்க எண்ணைத் தேடாதீர்கள். மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் வரிசை எண், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் அது ஏஇ85 என்று தொடங்க வேண்டும். ஏஇ86 என்று தொடங்கினால் சான்றிதழோடு முரண்படுகிறது. அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். இறந்துபோன 86-இன் எண்ணை வெட்டி எடுத்து, 85-இல் பற்றவைக்கும் மோசடியும் நடந்திருக்கிறது. எண்ணைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள்: மேடு தட்டினாலோ, அந்தச் சதுரத்தில் மட்டும் பெயின்ட் புதிதாகவோ தடிப்பாகவோ இருந்தாலோ டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. சேசிஸ் எண்ணைச் சிதைப்பது அங்கே சட்டப்படி குற்றம். தெரியாமல் வாங்கினாலும் அலைச்சல் உங்களுக்குத்தான்.

அருகிலேயே ரிவெட் அடித்த தகடு ஒன்று இருக்கும். மாடல், எஞ்சின், வண்ணக் குறியீடு, உள் அலங்காரம், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் அதில் உண்டு. பாண்டா வண்ணமும் பிறவியிலேயே வந்ததா, பின்னால் பூசியதா என்பதை அந்தக் குறியீடு சொல்லிவிடும். ரிவெட்டுகள் பளபளவென்று புதிதாக இருந்தால் அந்தத் தகட்டை நம்ப வேண்டாம்.

எஞ்சினை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது கழற்றி மாட்டக்கூடிய பொருள். அசல் 86-இலேயே, 1991 முதல் வந்த 20 வால்வு எஞ்சின் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எஞ்சினை மாற்றியவர்கள் பல நேரங்களில் கீழே கை வைக்காமல் விட்டுவிடுவார்கள் என்பதால், லிஃப்டில் தூக்கிப் பின்சக்கரங்களைக் கவனியுங்கள். 86-இன் உயர் ரகமான ஜிடி-ஏபெக்ஸில் பின்னாலும் டிஸ்க் பிரேக் உண்டு; 85-இல் டிரம். டிரம் அப்படியே இருந்தால், 130 குதிரைத்திறனைத் தாங்க வேண்டிய ஆக்ஸிலும் பழையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இது விலையைப் பற்றிய கவலை மட்டுமன்று, உயிரைப் பற்றியதும்கூட.

இத்தனைக்குப் பிறகும் வண்டி உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒழுங்காகச் செய்யப்பட்ட 85 ஓட்டுவதற்கு இனிய வண்டிதான். ஆனால் ஒப்பந்தத்தில் 'ஏஇ85 உடல், 4ஏ-ஜிஇ எஞ்சின் பொருத்தப்பட்டது' என்று விற்பவரே எழுதிக் கையொப்பமிட வேண்டும். விலையும் அந்த வரிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதை எழுத அவர் தயங்கினால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.