அம்மா எழுதாமல் விட்ட 11ஆவது பதில்

கேள்வி: மனிதர்கள் தங்களையும் மற்றவர்களையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று 22 ஆண்டுகளாக ஆராயும் உளவியல் பேராசிரியர் நான். கட்டுரைகள் வந்திருக்கின்றன, மாணவர்கள் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் எல்லாம் வெறுமையாக இருக்கிறது. சின்னச் சின்னத் தடங்கல்கள் வேறு. ஆய்வுக்கான புதிய வினாத்தாள் ஒன்றைச் சரிபார்க்க, என்னை மனதில் வைத்து நிரப்பச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். 'இவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவாரா?' என்ற 11ஆவது கேள்விக்கு மட்டும் அவர் பதில் எழுதவில்லை. அந்தத் தாளைக் கழிக்க வேண்டியதாயிற்று. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கழித்துப்போட்ட அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

மற்ற கேள்விகளுக்கெல்லாம் உங்கள் அம்மா பதில் எழுதியிருக்கிறார். 11ஆவது மட்டும் அவருக்குப் புரியாமலா போயிருக்கும்? 'ஆம்' என்று எழுதினால் பொய். 'இல்லை' என்று எழுதினால் மகனைக் காட்டிக்கொடுத்தது போலாகும். இரண்டுக்கும் மனம் வராமல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். பெற்றவர்கள் இப்படி வாயை மூடிக்கொள்வதைப் பல வருடங்களாக உங்களைப் போன்றவர்களின் கடிதங்களில் பார்த்துவருகிறேன். உங்களுக்கு அது தடங்கலாகத் தெரிகிறது!

உளவியலாளர் டேரில் பெம் 1972இல் எழுதியதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாதபோது, நம் நடத்தையைப் பார்த்துத்தான், வெளியாள் ஒருவர் நம்மை ஊகிப்பது போலவே, நம்மை நாமே ஊகித்துக்கொள்கிறோம் என்றார். சரி, வெளியாளாக நின்று பாருங்கள். ஒருவர் தன் தாயிடம் தாளை நீட்டுகிறார், நிரப்பி வாங்குகிறார், காலியாக விட்ட இடத்தைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை கேட்காமல் கழித்துவிடுகிறார். இவரைப் பற்றி என்ன ஊகிப்பீர்கள்?

உளவியலாளர்கள் டார்லியும் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வையும் நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்கள் பேச்சு கொடுக்கப் போகிறார்கள். வழியில் வாசலோரம் ஒருவர் குனிந்து சரிந்து இருமிக்கொண்டிருக்கிறார். சிலர் பேசப் போன தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அவர்களையாவது அவசரம் கெடுத்தது. உங்களை யார் விரட்டினார்கள்?

பிள்ளையின் கடமை மருந்து வாங்கிக் கொடுப்பதோடும் பணம் அனுப்புவதோடும் முடிந்துவிடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் கடமைதான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, பேராசிரியருக்கும்தான். உங்கள் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சியாகவே இருக்கும். அதன் தலையில் இந்த வெறுமையைக் கட்டாதீர்கள்.

இந்த வாரமே அம்மாவிடம் போங்கள். கையில் பேனா வேண்டாம். "ஏம்மா, இதை மட்டும் ஏன் விட்டுட்டே?" என்று கேளுங்கள். "அது ஒண்ணுமில்லப்பா" என்பார். அந்த இடத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். ராஜினாமா பற்றி அதற்கப்புறம் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.