ஒலிமாற்ற மென்பொருள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புனைமொழிக்கு எஸ்.சி.ஏ.2 ஏற்றதா, லெக்சர்ஜி ஏற்றதா? (லாஸ்பேட்டை)

பதில்: புனைமொழி என்பது ஒருவர் தாமே படைக்கும் மொழி. நாம் எழுதும் ஒலிமாற்ற விதிகளைச் சொற்பட்டியல் மீது வரிசையாக ஓட்டி, மாறிய சொற்களைத் தரும் மென்பொருள்கள் இவை இரண்டும். இருபது முப்பது விதிகளுக்குள் அடங்கும் வேலைக்கு எஸ்.சி.ஏ.2 போதும். அசையமைப்பும் ஒலிக்கூறுகளும் (ஒலி பிறக்கும் இடம், முறை போன்ற பண்புகள்) விதிக்குள் வரவேண்டுமானால் லெக்சர்ஜி. இரண்டும் இலவசம்.

கேள்வி: விதிகளைத் தமிழ் எழுத்திலேயே தட்டச்சு செய்தேன், பாதிச் சொற்கள் மாறவில்லை. மென்பொருளில் பிழையா? (நெல்லிக்குப்பம்)

பதில்: மென்பொருளில் பிழை இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இதே கடிதம் வருகிறது. கணினி ‘க’ என்பதை ஒரே குறியாகச் சேமிக்கிறது. அதனுள் இருக்கும் அகரம் தனியாகப் பதிவாவதில்லை என்பதால், அகரத்தைத் தேடும் விதிக்கு அது தென்படாது. அகரமே இல்லாத ‘க்’ என்பதோ ககரம், புள்ளி என இரண்டு குறிகளாகிறது. ‘கெ’ என்பதில் கொம்பு திரையில் முன்னால் நின்றாலும், சேமிப்பில் ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. ‘கொ’ இன்னும் தொல்லை: ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை, குறிகளை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு வெவ்வேறு. ஆகவே, ஓர் ஒலிக்கு ஒரு குறி என்ற கணக்கில், சொற்பட்டியலை முதலில் ரோமன் எழுத்துக்கு மாற்றுங்கள். இது தமிழுக்கு இழுக்கு என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். தமிழ் இலக்கணமே உயிரையும் மெய்யையும் பிரித்துத்தான் புணர்ச்சி விதி சொல்கிறது.

கேள்வி: பேச்சுத் தமிழை மாதிரியாக வைத்து ‘ஐந்து’ என்பதை ஓட்டினால், ‘அஞ்சு’ வராமல் ‘அந்து’ வருகிறது. ஏன்? (சிதம்பரம்)

பதில்: விதிப்பட்டியலை அனுப்பாமல் கேட்டால் ஊகிக்கத்தான் முடியும். ஐகாரத்தை அகரமாக்கும் விதியை மேலே வைத்திருப்பீர்கள். ஐகாரத்தை அடுத்த ‘ந்த்’ முதலில் ‘ஞ்ச்’ ஆகவேண்டும்; அதன் பிறகே ஐகாரம் தேயவேண்டும். ‘வைத்து’ ‘வச்சு’ ஆனதும் இந்த வரிசையில்தான். பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்கள், இலத்தீன் ‘கௌசா’ ‘ஷோஸ்’ ஆனதை எண்ணிப் பார்க்கலாம்: அங்கும் முதல் மெய் மாறிய பிறகே ஔகாரம் ஓகாரமாயிற்று. எந்த விதி எந்தச் சொல்லைத் தொட்டது என்று காட்டும் வசதி இரண்டு மென்பொருள்களிலும் உண்டு. அதைப் பார்க்காமல் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: சோதனைக்கு எத்தனை சொற்கள் வேண்டும்? (முத்தியால்பேட்டை)

பதில்: நூறு போதும். ஒவ்வொரு மெய்யும் அது வரக்கூடிய எல்லா இடங்களிலும் வந்திருக்கட்டும். ரோமன் எழுத்தில், மறவாதீர்கள்.

கேள்வி: இகர எகரங்களுக்கு முன் ககரம் சகரமாக வேண்டும், ஆனால் சில சொற்கள் மட்டும் மாறக்கூடாது. (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: எஸ்.சி.ஏ.2 விதியில் இலக்கு, விளைவு, சூழல் ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாக விலக்குச் சூழலை, அதாவது விதி செல்லாத இடத்தை, எழுதலாம். ஆனால் ‘சில சொற்கள்’ என்பது சூழல் ஆகாது. அவற்றின் பொதுத்தன்மையைக் கண்டுபிடியுங்கள். தமிழிலேயே எடுத்துக்காட்டு உண்டு: கன்னடத்தில் ‘கிவி’ எனக் ககரத்தோடு நிற்பது தமிழில் ‘செவி’ ஆயிற்று. ‘கிளி’, ‘கேள்’ ஆகியவை, அடுத்து வளைநா ஒலி (நாக்கை வளைத்துச் சொல்லும் ளகரம்) வருவதால் மாறாமல் நின்றன.