அந்தத் தாத்தாவுக்குப் பேர் கிடையாதா?

கேள்வி: நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ், கும்பகோணம். சாம்பிள், அதாவது ஏற்கனவே பதிவான இசையில ஒரு துண்டு, அதை வெட்டி பீட் பண்ணி அதுமேல லைவா பேஸ் கிட்டார், கஞ்சிரா வாசிப்போம். இப்ப ட்ராக் ரிலீஸ் பண்ற நேரத்துல யார் பேர் முதல்ல வரணும்னு சண்டை. பேஸ் வாசிக்கிறவன் பேசறதே இல்ல. மெயின் லூப், திரும்பத் திரும்ப வர்ற துண்டு, அவனோட தாத்தா வாசிச்ச நாயனம்தான், போன்ல எடுத்து பிட்ச், அதாவது சுருதியை ஏத்தி வெட்டிக்கிட்டோம், அது ஓகே. நட்பு உடையாம என்ன பண்றது?

பதில்: "அது ஓகே"ன்னு எழுதியிருக்கியே தம்பி, யாருக்கு ஓகே? தாத்தாகிட்ட கேட்டியா? நாலு பேரும் பேருக்கு அடிச்சிக்கிறீங்க, பாட்டுக்கே மூச்சு குடுத்த மனுசனுக்கு உன் லெட்டர்ல கூட பேர் இல்ல, வெறும் "அவனோட தாத்தா". அந்தப் பையன் ஏன் பேசலன்னு இன்னுமா புரியல? அவன் வீட்டுப் பெரியவரை நீங்க எடுத்து வெட்டிக்கிட்டு, தாத்தாவுக்காக அவன் வாயத் தொறந்தா தன் பேருக்கு அலையறான்னு சொல்லுவீங்க, அதான் கம்முனு இருக்கான்.

1969-ல அமெரிக்காவுல த வின்ஸ்டன்ஸ் குழுவோட ட்ரம்மர் கிரிகோரி கோல்மேன் வாசிச்ச நாலு பார், அதாவது நாலு தாளச் சுத்து, ஏழு செகண்ட் இருக்கும், அதை வெட்டி ஆயிரக்கணக்கான பாட்டு வந்துச்சு, அவர் ராயல்டின்னு ஒரு பைசா பாக்காமலே 2006-ல போய்ச் சேர்ந்தார். அவரையாவது வெட்டினவங்களுக்கு நேர்ல தெரியாது. நீ இந்தத் தாத்தா வீட்டுல காப்பி குடிச்சிருப்ப. நம்ம ஊர்லயும் 2012-ல காப்பிரைட் சட்டத்தை திருத்தினப்பவே, வாசிச்சவங்க தன் பேரைப் போடுன்னு கேக்கலாம், வியாபாரம் ஆனா ராயல்டியும் உண்டுன்னு வச்சாச்சு. ஆனா சட்டம் சொல்லித்தான் பெரியவங்களுக்கு மரியாதை செய்யணும்னா அது எனக்கே அசிங்கமா இருக்கு.

அப்புறம் அந்த பிட்ச். அவர் நாயனத்தோட சுருதி ரெண்டு, ரெண்டரைக் கட்டை இருக்கும், உன் கீபோர்டுக்காக அதை ஏத்தி, ஸ்வரத்தை அசைச்சு வாசிக்கிற கமகத்தை நடுவுல கத்தரிச்சா அழுகுற குழந்தை மாதிரிதான் கேக்கும். லைவா வாசிக்க ஆள் வச்சுக்கிட்டு ஏன்டா சாம்பிளை முறுக்கற, பேஸை அவர் சுருதிக்கு இறக்கு, கஞ்சிராவையும் கூட உக்கார வச்சு ஒரே ரூம்ல திரும்ப எடு.

தட்டுல வெத்தலபாக்கு, பழம், கையில முடிஞ்ச பணத்தோட நாலு பேரும் போங்க. வெட்டினதை அவருக்குப் போட்டுக் காட்டுங்க, திட்டினா வாங்கிக்கோங்க, வேண்டாம்னு சொல்லிட்டா அந்த லூப்பைத் தூக்கிருங்க. சரின்னு சொன்னா அவர் பேர்தான் முதல்ல, உங்க நாலு பேரை சீட்டு குலுக்கிப் போட்டுக்கோங்க, எனக்கு அக்கறை இல்ல. ஒண்ணு மட்டும், முகூர்த்த நாளா இல்லையான்னு பாத்துட்டுப் போங்க, முகூர்த்தம்னா அன்னைக்கு அவர் கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருப்பார், வீட்ல இருக்க மாட்டார்.