அப்பாவின் அஞ்சியோகிராம் சீடியைத் தர மறுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் போன மாதம் அஞ்சியோகிராம் செய்தோம். மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் அங்கே செய்ய எங்களுக்கு வசதியில்லை என்பதால் தேசிய வைத்தியசாலையில் காட்டினோம். அங்குள்ள டொக்டர் படங்கள் உள்ள சீடியைக் கேட்கிறார். தனியாரிலோ ஒரு பக்க ரிப்போர்ட்டை மட்டும் தந்துவிட்டு, "மற்றதெல்லாம் எங்கள் சிஸ்டத்தில் இருக்கிறது, தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வேறு ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க முடியாது" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் சீடியை வாங்குவோம்.

அவர்கள் சொன்ன காரணம் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்து, கூடுதல் காவல் போடுகிறது. உண்மைதான். ஆனால் அந்தக் காவல் உங்கள் அப்பாவுக்காக. அப்பாவிடமிருந்து ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற அல்ல. நோயாளி சம்மதித்தால் பகிரலாம் என்றும், நோயைக் கண்டறியவும் சிகிச்சை அளிக்கவும் தேவையானபோது பயன்படுத்தலாம் என்றும் அதே சட்டம் இடம் விடுகிறது. தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கக் கேட்கும் உரிமையையும் தருகிறது. இரகசியம் நோயாளியுடையது. அவரே திறந்துவிடச் சொன்னால் பூட்டுப் போட ஆஸ்பத்திரி யார்?

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்தச் சட்டம் கட்டம் கட்டமாகவே அமுலுக்கு வருகிறது. முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, அந்தத் திகதி தள்ளிப்போனது. அதனால் இதை மட்டும் நம்பிக் கோர்ட் ஏற நான் சொல்லமாட்டேன். கடிதத்தில் குறிப்பிடுவது வேறு விஷயம், தாராளமாகக் குறிப்பிடுங்கள். அவர்கள் எடுத்த ஆயுதம்தானே!

கடிதத்தை அப்பாவே எழுதிக் கையெழுத்திடட்டும். அஞ்சியோகிராம் செய்த திகதி, அவருடைய நோயாளி இலக்கம், என்னென்ன வேண்டும் என்ற விபரம் (படங்கள் அடங்கிய சீடி, முழு ரிப்போர்ட், டயக்னோசிஸ் கார்ட், இரத்தப் பரிசோதனை முடிவுகள்), உங்களிடம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற ஒரு வரி. அடையாள அட்டைப் பிரதியை இணையுங்கள். தேசிய வைத்தியசாலை டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. கவுன்டரில் நிற்கும் பிள்ளையிடம் வாதாடிப் பயனில்லை. பணிப்பாளருக்கு முகவரியிட்டு இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபால். பிரதிக்குக் கட்டணம் கேட்டால் கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் சண்டை பிடிக்கும் நேரம் இதுவல்ல.

என் அனுபவத்தில், முத்திரையோடு ஒரு கடிதம் போனதும் பாதிப் பேருக்குச் சட்டம் திடீரென்று விளங்கிவிடும்.

அப்படியும் தராவிட்டால் தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் முறையிடலாம். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்தியசாலைகள் பதிய வேண்டிய இடம் அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பொது அதிகாரசபைகளுக்கான சட்டம், இந்தத் தனியார் ஆஸ்பத்திரியிடம் செல்லாது. பிற்பாடு தேசிய வைத்தியசாலையிலிருந்து பதிவேடு தேவைப்பட்டால் அப்போது உதவும். அங்கும் மருத்துவப் பதிவு என்றால் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

வழக்கைப் பொறுத்தவரை, இந்தத் தாமதத்தால் அப்பாவுக்கு உண்மையில் பாதிப்பு ஏற்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க வழியுண்டு. பொதுவாக இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். அப்போது அந்த முத்திரை குத்திய பிரதிதான் உங்கள் முதல் சாட்சி.

அப்புறம் ஒன்று. உள்ளே தெரிந்தவர் மூலம் திரையைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் வாங்கலாம் என்று யோசிக்க வேண்டாம். அஞ்சியோகிராம் ஓடும் படம். நின்றுபோன ஒரு காட்சியை வைத்து சத்திரசிகிச்சை நிபுணர் என்ன செய்வார்? எடுத்துக் கொடுத்தவரின் வேலையும் போகும். சீடி கைக்கு வந்ததும் தேசிய வைத்தியசாலையில் ஒப்படைக்க முன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இரண்டு ஆஸ்பத்திரியின் கணினிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை, நடுவில் நடக்கப்போவது நீங்கள்தான்.