நறுமண எண்ணெய் பழ ஈயை விரட்டுமா, அழைக்குமா?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கால் ஏக்கரில் பாவல் போட்டிருக்கிறேன். வளவில் இரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரங்களும் நிற்கின்றன. பழ ஈயின் தொல்லை தாங்க முடியவில்லை. பீடைநாசினி அடிக்க மனமில்லாமல், சிட்ரோனெல்லா எண்ணெயைத் தண்ணீரில் கலந்து பந்தலுக்கும் மரத்துக்கும் தெளித்தேன். மாவில் ஈ கூடிவிட்டது. பாவல் இலை கருகிவிட்டது. காய் முன்போலவே அழுகுகிறது. இந்த எண்ணெய்களால் பயன் உண்டா?"

பயன் உண்டு. ஆனால் தெளித்ததுதான் பிழை. 1912ஆம் ஆண்டில், இந்தியாவில் பணியாற்றிய ஹௌலட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெயின் மணத்துக்குப் பழ ஈக்கள் தேடி வருவதைப் பதிவு செய்தார். வந்தவை ஆண் ஈக்கள். அவற்றை இழுத்தது மெதைல் யூஜினோல் என்ற மணப்பொருள் என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. மா, கொய்யாவைத் தாக்கும் ஈயின் ஆண் அதைத் தேடி வந்து நக்கித் தின்னும். தின்றதை உடலில் மாற்றிச் சேமித்து, பொழுது சாயும்போது பெண்ணைக் கவரும் மணமாக வெளிவிடும். உங்கள் மாமரத்தில் ஈ கூடியதற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

இலை கருகியது வேறு கதை. எண்ணெய் தண்ணீரில் கரைவதில்லை. துளி துளியாகப் பிரிந்து இலையில் செறிவாகவே தங்கும். அதன்மேல் வன்னி வெயில் பட்டால் இலை என்ன செய்யும்?

பாவலுக்கு வருவது மாவின் ஈ அல்ல என்பதுதான் முக்கியம். அது பூசணிக் குடும்பத்துப் பயிர்களைத் தேடும் வேறோர் இனம். அதன் ஆண் மெதைல் யூஜினோலைத் திரும்பியும் பார்க்காது. கியூ லூர் என்ற வேறு கவர்பொருளுக்குத்தான் வரும். ஈ ஒன்றைப் பிடித்து வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பாருங்கள். சிறகு பெரும்பாலும் தெளிவாக, முன்விளிம்பில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் அது மா ஈ. சிறகின் நுனியில் பழுப்புத் திட்டு அகன்று தெரிந்தால் பாவல் ஈ. இதைப் பார்க்காமல் பந்தலில், மெதைல் யூஜினோல் மணமுள்ள துளசி இலையை வைத்த பொறியைத் தொங்கவிட்டு, பலனில்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

துளசியைச் சொன்னதால் ஒன்று. எல்லாத் துளசியிலும் மெதைல் யூஜினோல் ஒரே அளவில் இருப்பதில்லை. காலை வேளையில் ஒரு பிடி இலையைக் கசக்கி மாமர நிழலில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். ஈ வந்து இலையில் வாயை ஊன்றி, விரட்டினாலும் போக மனமில்லாமல் நின்றால் அந்தச் செடி பொறிக்கு உதவும். கசக்கிய இலையைத் துணியில் முடிந்து, பக்கத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் போத்தலுக்குள் தொங்கவிட்டு, அடியில் சவர்க்காரத் தண்ணீர் விடுங்கள். இலை காய்ந்தால் மணம் போய்விடும், மாற்ற வேண்டும்.

ஆனால் பொறியில் விழுவது ஆண். காயைக் குத்துவது பெண். மிஞ்சும் ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பக்கத்து வளவிலிருந்தும் ஆண்கள் வரும். பசிபிக்கின் ரோட்டா தீவில் 1960களில் மெதைல் யூஜினோலோடு பூச்சிக்கொல்லியும் ஊறிய துண்டுகளைத் தீவு முழுவதும் போட்டுத்தான் இந்த ஈயை ஒழித்தார்கள். ஒரு வளவில் நாலு போத்தல் கட்டி அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. அயலவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கராம்பு எண்ணெயும் எலுமிச்சைப் புல் எண்ணெயும் ஆய்வுகூடத்தின் மூடிய பெட்டிக்குள் ஈயைக் கொல்லும். சோழகக் காற்று வீசும் தோட்டத்தில் அவை சீக்கிரமே ஆவியாகிவிடும். முட்டையோ தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே தெளித்தது அங்கே போகாது. காலையில் தெளித்தால் பூவுக்கு வரும் தேனீயும் விலகிப்போகும், காய்ப்பிடிப்பு குறையும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் வேம்பை நம்புங்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். அதன் சத்து வெயிலில் சிதைந்துவிடும். ஈ முட்டையிடத் தயங்கும், அவ்வளவுதான்.

பாவலைக் காப்பது பை. பூ வாடி, பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் கடதாசிப் பையோ துணிப் பையோ போட்டுக் கட்டிவிடுங்கள். கால் ஏக்கருக்கு இது முடியாத வேலையல்ல. ஒரு பக்கம் மட்டும் மஞ்சளித்து வளைந்த காய் கண்ணில் பட்டால் அன்றே பறியுங்கள். புழு முற்றியதும் காயை விட்டுத் துள்ளி விழுந்து, சில சென்ரிமீற்றர் ஆழத்தில் மண்ணுக்குள் கூடாகும். அதற்கு முன்னர், விழுந்த மாம்பழத்தையும் குத்து விழுந்த காயையும் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமைக்கு மேல் வெயிலில் போடுங்கள். வேலியோரம் வீசினால் ஈயை நீங்களே வளர்க்கிறீர்கள். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கோழி மிச்சத்தைப் பொறுக்கும்.

கியூ லூர் பொறிக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கருகிய இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் விடுங்கள். வாங்கிய எண்ணெயைக் கொட்ட வேண்டாம். பஞ்சில் சில துளி விட்டு, துளசிக்குப் பதிலாக மாமரத்துப் போத்தலில் தொங்கவிட்டு, காலையில் என்ன விழுகிறதென்று பாருங்கள்.