நின்றுபோன ரேவாவுக்குப் புது பேட்டரி: கேள்வி பதில்

முதலில் வண்டியைப் பற்றி நான்கு வரி. பெங்களூரின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகானும் 1994-ல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் செய்த கார் ரேவா. 2001-ல் சாலைக்கு வந்தது. லண்டனில் இதன் பெயர் ஜி-விஸ். 2010-ல் நிறுவனம் மஹிந்திரா கைக்குப் போனது, 2012-ல் ரேவா தயாரிப்பு நின்றது. பெரும்பாலான ரேவாக்களில் முன் சீட்டுகளுக்கு அடியில் 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகள் எட்டு, வரிசையாக இணைத்து 48 வோல்ட். என் வண்டியோடு சேர்த்து மூன்று ரேவாவுக்கு நானே பேட்டரி மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சார், 2006 மாடல் ரேவா இரண்டு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. சாவி போட்டால் அசைவே இல்லை. எட்டு பேட்டரியும் போய்விட்டதா?

இரண்டு வருஷம் சார்ஜ் இல்லாமல் நின்ற லெட்-ஆசிட் பிழைப்பது அபூர்வம். ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும், அதன்பின் சார்ஜ் ஏறாது. ஆனாலும் அளந்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். மெயின் ஃபியூஸ், கேபிள் முனைகள், பச்சை பூத்த டெர்மினல்கள் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள். எனக்கு வந்த இரண்டாவது வண்டியில் "பேட்டரி செத்துவிட்டது" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் ஒரு கேபிளின் முனையில் இருக்கும் உலோக வளையம் (லக்) அரித்துப்போய் முறிந்திருந்தது.

அப்புறம் மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முழு சார்ஜில், ஓய்வில் இருக்கும் 6 வோல்ட் பேட்டரி 6.3-க்கு மேல் காட்டும். 4 வோல்ட் சுமார் என்றால் உள்ளே மூன்று செல்லில் ஒன்று போய்விட்டது. எல்லாமே 5-க்குக் கீழே என்றால் புது செட்டுக்குத் தயாராகுங்கள்.

எட்டில் ஒன்று மட்டும் இறங்கிவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா அண்ணா?

செட் வாங்கி ஒரு வருஷத்துக்குள் என்றால் மாற்றலாம். நான்கு வருஷப் பழசு என்றால் வேண்டாம். வரிசையில் இருக்கும் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். பழைய ஏழும் சீக்கிரம் இறங்கிவிடும், புதுசு நிரம்பிய பிறகும் சார்ஜர் பழசுகளுக்காகத் தள்ளிக்கொண்டே இருக்கும். முடிவெடுக்கும் முன் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட் அடர்த்தியைப் பாருங்கள். முழு சார்ஜில் 1.265 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். டிஸ்டில்ட் வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்கூட்டியே ஊற்றலாம்.

மறுபடி லெட்-ஆசிட் போடலாமா, லித்தியத்துக்குப் போகலாமா?

வண்டியை எந்த மாற்றமும் இல்லாமல், பழைய வடிவிலேயே வைத்திருக்க விரும்பினால் லெட்-ஆசிட். தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (சுருக்கமாக பாஸ்பேட்). எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கணக்கு இப்படி. 48 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் என்பது, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், காகிதத்தில் 9.6 யூனிட். அந்த 200 மெதுவாக இறக்கினால் கிடைப்பது. கார் இழுக்கும் வேகத்துக்கு அது நன்றாகவே சுருங்கும். பேட்டரி நீடிக்க வேண்டுமென்றால் பாதிக்குக் கீழே இறக்கவும் கூடாது. ஆக கைக்கு வருவது 5 யூனிட்கூட இல்லை. அதே இடத்தில் 150 ஆம்பியர்-ஹவர் பாஸ்பேட் செல் பதினாறு வைத்தால் 51.2 வோல்ட், 7.7 யூனிட் சுமார். அதில் 6 யூனிட்டைத் தயங்காமல் எடுக்கலாம். எடையில் லெட்-ஆசிட் எட்டும் 200 கிலோவைத் தாண்டும், பாஸ்பேட் செட் 100 கிலோவுக்குள் அடங்கும்.

செல் வாங்கியாச்சு, பி.எம்.எஸ்ஸும் (செல்களைக் கண்காணித்து, வரம்பு மீறினால் துண்டிக்கும் சர்க்யூட்) இருக்கிறது. வண்டியில் இருக்கும் சார்ஜரையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. எல்லோரும் செல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஆனால் இந்த வேலையில் வண்டியைக் காப்பதும் கெடுப்பதும் சார்ஜர்தான்.

ரேவாவின் சார்ஜர் லெட்-ஆசிட்டுக்காக அமைத்தது. கடைசிக் கட்டத்தில் பலவீனமான செல்களையும் நிரப்புவதற்காக வேண்டுமென்றே அதிக வோல்ட்டேஜில் தள்ளும். 48 வோல்ட் செட்டில் அது 60-ஐத் தாண்டும். லெட்-ஆசிட் அதைத் தாங்கிக்கொள்ளும், தண்ணீர்தான் கொஞ்சம் வாயுவாகப் பிரிந்து குறையும். பாஸ்பேட் செல்லின் உச்ச வரம்பு 3.65 வோல்ட். பதினாறுக்கு 58.4. அதற்கு மேல் ஒவ்வொரு நிமிஷமும் சேதம்தான்.

என் முதல் வண்டியில் பழைய சார்ஜரையே விட்டுவைத்தேன், பி.எம்.எஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி. இரவில் ஏதாவது ஒரு செல் 3.65-ஐத் தொடும், பி.எம்.எஸ் துண்டிக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்க்கும், மறுபடி துண்டிக்கும். நான்கு மாதம் அப்படியே போனது. ஒருநாள் பி.எம்.எஸ்ஸின் சுவிட்ச் துண்டிக்காமல் ஒட்டிக்கொண்டது. காலையில் மூன்று செல் உப்பியிருந்தது. தீப்பிடிக்கவில்லை. அந்த மூன்று செல்லை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்குக் காட்ட.

பி.எம்.எஸ் கடைசிக் காவல். தினசரி வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. பாஸ்பேட்டுக்கென்று அமைத்த சார்ஜர் வாங்கி, செல்லுக்கு 3.45, மொத்தம் 55.2 வோல்ட்டில் நிறுத்துங்கள். கொள்ளளவில் இழப்பது மிகக் கொஞ்சம். ரேவாவில் பிரேக் பிடித்தால் மோட்டார் கரண்ட்டைத் திருப்பித் தரும் அல்லவா? முழுக்க நிரம்பிய பேக்கோடு மேட்டிலிருந்து இறங்கினால் அந்தக் கரண்ட் போக இடம் இருக்காது. 55.2-ல் நிறுத்தினால் அதற்கும் இடம் கிடைக்கும்.

இன்னொன்று. டாஷ்போர்டில் மீதி சார்ஜ் காட்டும் மீட்டரை இனி நம்பாதீர்கள். பாஸ்பேட்டின் வோல்ட்டேஜ் பெரும்பகுதி நேரம் 3.2, 3.3-லேயே நிற்கும், திடீரென்று விழும். ஷன்ட் (கரண்ட்டை அளக்க வழியில் வைக்கும் சிறு ரெசிஸ்டர்) வைத்து ஆம்பியரை எண்ணும் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே. நானே கழற்றலாமா?

ஷாக் பெரிய பயம் இல்லை. ஸ்பேனர்தான் பயம். இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். மோதிரம், வாட்ச், செயின் எல்லாம் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரில் நட்டைக் கவ்வும் வாய் தவிர மற்ற இடத்துக்கெல்லாம் டேப் சுற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஆசிட் பக்கம் குனியாதீர்கள். வரிசையின் நடுவில் இருக்கும் இணைப்பை முதலில் கழற்றினால் 48 என்பது 24, 24 ஆகப் பிரிந்துவிடும், வேலை நிம்மதியாக நடக்கும்.

நிஸ்ஸான் லீஃப் மின்சாரக் காரின் பழைய பேட்டரி மாட்யூல் கிடைக்கிறது. போடலாமா?

கணக்குக்குச் சரியாக வரும். 24 யூனிட் லீஃப் பேக்கில் 48 மாட்யூல், ஒவ்வொன்றிலும் நான்கு செல். ஏழு மாட்யூலை வரிசையாகப் போட்டால் ரேவாவுக்கு ஏற்ற வோல்ட்டேஜ், இணையாக மூன்று வரிசை வேண்டும். ஆனால் அது பாஸ்பேட் இல்லை. சூடு மீறினால் பாஸ்பேட்டை விடச் சீக்கிரம் கட்டுக்கடங்காமல் போகும் வகை. உட்காரும் சீட்டுக்கு அடியில் அதை வைக்க எனக்கு மனம் வராது.

எடை குறைகிறதே, ஆர்.சி-யில் பிரச்சினை வருமா?

ஆர்.சி-யில் வண்டியின் வெற்று எடை பதிவாகியிருக்கும். பதிவான விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ-விடமும் இன்ஷூரன்ஸிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பழைய லெட்-ஆசிட்டை, 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடமோ புது பேட்டரி விற்றவரிடமோ கொடுங்கள். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பவரிடம் தரவே தராதீர்கள்.

லண்டனில் ஜி-விஸ் வைத்திருக்கிறேன். பாஸ்பேட் இங்கே குளிருக்குத் தாங்குமா?

ஓட்டலாம். செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் மட்டும் செய்யக் கூடாது, உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். குளிரில் சார்ஜைத் தடுக்கும் பி.எம்.எஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்தவுடன், பேக் கதகதப்பாக இருக்கும்போதே சார்ஜில் போடுங்கள். காலையில் பனி படிந்த வண்டியில் பிரேக் கரண்ட்டும் சார்ஜ்தான், முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்.

என்னுடையது ரேவாவுக்குப் பின் வந்த மஹிந்திரா இ2ஓ. பாதி தூரத்திலேயே நின்றுவிடுகிறது. முழு பேக்கும் மாற்றச் சொல்கிறார்கள்.

இ2ஓ-வில் பிறந்ததிலிருந்தே லித்தியம்தான். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு செல் பலவீனமாகி, அது அடிமட்டத்தைத் தொட்டதும் பி.எம்.எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும். வண்டி நிற்கும் அந்த நேரத்தில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் எழுதி வையுங்கள். ஒன்று 2.5-லும் மற்றவை 3.2-லும் இருந்தால் குற்றவாளி அதுதான். வேறொரு பேக்கிலிருந்து கிட்டத்தட்ட அதே கொள்ளளவுள்ள செல்லைத் தேடி வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நிரப்பிவிட்டு மூடுங்கள். எல்லாச் செல்லும் சேர்ந்தே இறங்கியிருந்தால் மட்டும் அவர்கள் சொல்வது சரி.