புயல் காலத்தில் கப்பல் பயணம்: கையெழுத்துப் போடுவதற்கு முன் சில கேள்விகள்

கேள்வி: மயாமியில் இருந்து கரீபியன் தீவுகளுக்கு ஏழு நாள் சொகுசுக் கப்பல் பயணம். செப்டம்பரில் போனால் விலை மிகவும் மலிவு. அதே கப்பல், அதே அறை, பிப்ரவரியில் எட்டாத விலை. புயல் காலம் என்பதால்தான் இந்தத் தள்ளுபடி என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை. ஆறு மாதமும் ஒரே மாதிரி இருக்காது. ஆகஸ்ட் நடுப்பகுதியில் இருந்து அக்டோபர் வரை மும்முரம். செப்டம்பர் 10-ஐ ஒட்டிய நாட்களில் உச்சம். 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி, ஓராண்டில் பெயர் வைக்கும் அளவுக்கு வலுக்கும் புயல்கள் 14. அவற்றில் மணிக்கு 119 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்து ஹரிக்கேன் ஆகிறவை 7. தள்ளுபடிக்குப் புயல் மட்டும் காரணமில்லை. பள்ளிகள் திறந்துவிடுவதால் குடும்பங்கள் வராத மாதம் அது.

கப்பல் புயலுக்குள் மாட்டிக்கொள்ளுமோ என்பதுதான் எல்லாருக்கும் முதல் பயம். அந்த வட்டாரத்தில் புயல் மண்டலம் பொதுவாக மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய பயணிகள் கப்பல் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். புயல் எந்தப் பக்கம் போகும் என்ற கணிப்பும் ஐந்து நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அதனால் கப்பல் பெரும்பாலும் விலகிப் போய்விடும். விலகிப் போகிற அந்தப் போக்கில்தான் உங்கள் பயணத் திட்டம் அடிபடுகிறது. கிழக்குக் கரீபியன் என்று டிக்கெட் வாங்கியவர் மெக்சிகோவின் கோசுமெலில் இறங்குவார். 2017-இல் இர்மா, மரியா என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து அடித்து செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டன், டொமினிக்கா எல்லாம் சிதைந்தபோது, கப்பல்கள் பல வாரங்கள் மேற்குப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தன.

ஆக, கப்பலே போதும், நீச்சல் குளமும் சாப்பாடும் கடல் காற்றும் இருந்தால் சரி என்பவருக்குச் செப்டம்பர் லாபம். இந்தத் தீவில், இந்தக் கடற்கரையில் அறுபதாம் கல்யாணம் நடத்தியே ஆக வேண்டும் என்பவர் மலிவு விலையைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

அருபா, போனேர், குராசாவ் ஆகிய மூன்று தீவுகளும் கரீபியனின் தென்கோடியில் இருப்பதால் புயல் அங்கே அபூர்வம். செப்டம்பர்தான் தோதுப்படும் என்றால் அந்தத் தடத்தைத் தேடுங்கள். தெற்கே போனாலே தப்பித்தோம் என்றும் நினைக்க முடியாது. 2024 ஜூலை முதல் நாள் கிரெனடாவின் கரியாக்கூ தீவைப் புரட்டிப்போட்ட பெரில், ஒரு நாளுக்குள்ளேயே ஐந்தாம் வகைப் புயலாக, அதாவது உச்ச வகையாக, வலுத்தது. அட்லாண்டிக்கில் ஆண்டின் அவ்வளவு தொடக்கத்தில் அந்த நிலையை எட்டிய புயல் அதற்கு முன் பதிவானதில்லை.

கேள்வி: மூன்று தீவுகள் என்று சொல்லித்தான் விற்றார்கள். வானிலை சரியில்லை என்று இரண்டை விட்டுவிட்டார்கள். இரண்டு நாளும் நடுக்கடலிலேயே கழிந்தது. கேட்டால், ஒரு சிறு தொகையைக் கப்பல் கணக்கில் வரவு வைத்துவிட்டு ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமா என்றால் எனக்கும் வருத்தம்தான். ஒப்பந்தப்படி சரியா என்றால், பெரும்பாலும் சரி. நாம் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திய அந்தப் பயண ஒப்பந்தத்தில், எந்தத் துறைமுகத்தையும் விடலாம், மாற்றலாம், நேரத்தைக் குறைக்கலாம், அதற்கு நஷ்டஈடு கிடையாது என்று எழுதியிருப்பார்கள். அநேகமாக எல்லா நிறுவனங்களுமே. விளம்பரத்தில் தீவின் படம் பெரிதாக இருக்கும். ஒப்பந்தம் அந்தத் தீவுக்கு உறுதி தருவதில்லை.

அப்படியானால் எது திரும்பி வரும்? நிற்காத துறைமுகத்துக்காக வாங்கிய கட்டணமும் வரியும் வர வேண்டும். உங்களுக்கு வந்த சிறு தொகை அதுவாகத்தான் இருக்கும். துறைமுகத்தில் இறங்கி ஊர் பார்க்கும் கரைச் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனத்திடமே வாங்கியிருந்தால் அந்தப் பணம் முழுதும் வரும். வெளியில் மலிவாக இருக்கிறதே என்று தனியாரிடம் பதிவு செய்திருந்தால், 'கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும்' என்று அவர்கள் எழுத்தில் தந்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. பலர் தருகிறார்கள். தராதவரிடம் புயல் மாதத்தில் வாங்காதீர்கள்.

வரவு வைத்த தொகையையும் கவனியுங்கள். அதில் இரண்டு வகை. ஒன்று, செலவழிக்காவிட்டால் பயண முடிவில் உங்கள் அட்டைக்குத் திரும்பும். மற்றது, கடைசி இரவோடு காலாவதி ஆகிவிடும். எது என்று கப்பலின் வரவேற்பு மேசையில் அன்றே கேட்டுவிடுங்கள். காலாவதி வகை என்றால் அங்கேயே எதையாவது வாங்கித் தீர்த்துவிடுவது உத்தமம்.

எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வாங்கினீர்கள் என்பது இங்கே பெரிய விஷயம். அமெரிக்காவில் புறப்படும் கப்பல்களுக்கு, ஃபெடரல் கடல்சார் ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிப்படி, பயணம் ரத்தானாலோ, புறப்பாடு மூன்று நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போய் நீங்கள் போக விரும்பாவிட்டாலோ பணம் திரும்பும். துறைமுகம் விட்டுப்போனதற்கு அந்த விதியில் ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் கப்பல் சுற்றுலா 'பேக்கேஜ்' சட்டத்துக்குள், அதாவது பயணமும் தங்கலும் சேர்த்து விற்கும் சுற்றுலாக்களுக்கான சட்டத்துக்குள், வருகிறது. புறப்படும் முன்பே திட்டத்தில் பெரிய மாற்றம் செய்தால், கட்டணப் பிடித்தம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். பயணத்தின் நடுவில் சொன்னது கிடைக்காமல் போனால் விலைக் குறைப்புக் கேட்க இடம் உண்டு. புயல் யார் கையிலும் இல்லை என்பது நஷ்டஈட்டை மறுக்க அவர்களுக்கு உதவும். விலைக் குறைப்பை மறுக்க அவ்வளவாக உதவாது. இரண்டும் தனித்தனிக் கோரிக்கைகள். கடிதத்தில் பிரித்து எழுதுங்கள்; வாங்கிய நாளில் இருந்த பயணத் திட்டத்தின் பிரதியையும் இணையுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். துறைமுகம் விட்டுப்போகப் புயலே வேண்டியதில்லை. கிராண்ட் கேமன், பெலீஸ் சிட்டி போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரையில் கட்டுவதில்லை. தள்ளி நங்கூரம் போட்டுச் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கும் புயலின் அலை வந்தாலே படகில் கால் வைக்க முடியாது. வெயில் பளீரென்று அடிக்கும், கேப்டன் 'இறங்க முடியாது' என்பார். பதிவு செய்யும்போதே எந்தெந்தத் துறைமுகத்தில் படகு இறக்கம் என்று பாருங்கள். மூன்றில் இரண்டு அப்படி என்றால் யோசியுங்கள்.

கேள்வி: பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது புயல் செய்தி வந்தது. உடனே காப்பீடு எடுத்தேன். இப்போது பணம் தர மறுக்கிறார்கள்.

பதில்: மறுக்கத்தான் செய்வார்கள். புயலுக்குப் பெயர் வைத்த நிமிடத்தில் இருந்து அது 'முன்பே தெரிந்த நிகழ்வு'. அதற்குப் பிறகு எடுத்த பாலிசியில் அந்தப் புயல் சேராது. பயணத்துக்கு முன்பணம் கட்டும்போதே காப்பீட்டையும் எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்போது துறைமுகம் விட்டுப்போனால் தனித் தொகை உண்டா, கப்பல் தாமதத்தால் விமானம் தவறினால் உண்டா என்று இரண்டைப் பாருங்கள். வெறும் பயத்தால் ரத்து செய்வது சாதாரண பாலிசியில் வராது. கப்பல் புறப்படுகிறது, நீங்கள்தான் போகவில்லை என்றால் பணம் போனதுதான். அமெரிக்காவில் 'எந்தக் காரணத்துக்கும் ரத்து' என்று ஒரு கூடுதல் வசதி விற்கிறார்கள். பிரீமியம் கணிசமாக ஏறும். கட்டியதில் பாதி முதல் முக்கால் வரைதான் திரும்பும். முன்பணம் கட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கிவிட வேண்டும், புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். விலை உயர்ந்த பயணத்துக்கு மட்டுமே இதை நான் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: கப்பல் ஞாயிற்றுக்கிழமை காலை திரும்புகிறது. அன்று மதியமே விமானம் போட்டுவிட்டேன். பரவாயில்லையா?

பதில்: மற்ற மாதம் என்றால் சமாளிக்கலாம். புயல் மாதத்தில் வேண்டாம்.

அமெரிக்கத் துறைமுகங்களை மூடுவது கேப்டன் கையில் இல்லை. கடலோரக் காவல்படை நான்கு படிகளாக எச்சரிக்கை ஏற்றும். பலத்த காற்று 12 மணி நேரத்தில் வந்துவிடும் என்ற கடைசிப் படியின் பெயர் ஜூலு. அப்போது துறைமுகம் முழுதாக மூடப்படும். புயல் போன பிறகும் துறைமுகத்துக்குக் கப்பல் வரும் கால்வாயில் தடங்கல் இல்லை என்று சோதித்த பின்தான் திறப்பார்கள். 2017-இல் ஹார்வி புயலின்போது டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகம் மூடியிருந்ததால், அங்கே திரும்ப வேண்டிய கப்பல்களில் சில நியூ ஆர்லியன்ஸ் போய்ப் பொருட்களை ஏற்றிக்கொண்டன. இறங்க விரும்புகிறவர்கள் அங்கேயே இறங்கலாம் என்றார்கள்.

கூடுதல் நாட்களுக்குக் கப்பலில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. நீங்களாகப் பதிவு செய்த விமானத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. கப்பல் நிறுவனம் மூலமே விமானமும் எடுத்தவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்துதருவார்கள். இல்லையென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக, மறுநாளுக்குப் போடுங்கள். போகும்போதும் ஒருநாள் முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும். விசா தேவைப்படுகிறவர்கள் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நாட்டை விட்டு வெளியே போய்த்தான் திரும்புகிறது.

கேள்வி: புயலே இல்லாத மாதம் எது?

பதில்: ஹரிக்கேன் இல்லாத மாதங்கள் உண்டு, மோசமான கடல் இல்லாத மாதம் கிடையாது. நியூ ஜெர்சியில் இருந்து கிளம்பிய ஆந்தம் ஆஃப் த சீஸ் கப்பல் கடும்புயலில் சிக்கியது 2016 பிப்ரவரியில், அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஹட்டராஸ் முனைக்கு அப்பால். பாதியில் திரும்பி வந்த அந்தப் பயணத்துக்கு முழுப் பணத்தையும் தந்து, அடுத்த பயணத்துக்குப் பாதித் தொகை சலுகையும் கொடுத்தார்கள். 2023 நவம்பரில் பிரான்ஸ், ஸ்பெயின் கரைகளை ஒட்டிய பிஸ்கே விரிகுடாவில் ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி கப்பலில் சுமார் நூறு பேர் காயமடைந்தார்கள். கரீபியனுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நிதானமான காலம். அதற்கான விலையும் இருக்கும்.

கேள்வி: தலைசுற்றல் வராமல் இருக்க எந்த அறை?

பதில்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில். மேல்தளத்து பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்தான் அதிகம் ஆடுவார். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, மீனின் துடுப்பு போன்ற அமைப்புகள் கப்பலில் உண்டு. முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை அவ்வளவாகத் தடுக்காது. மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.